மியோசா ஏரிக்கரையில் எங்கே தங்கலாம்: பண்ணை வீடா, ஹோட்டலா, விடுமுறைக் குடிலா?

நார்வே பயணம் என்றதும் மேற்குக் கடற்கரையின் ஃபியோர்டுகளும் (மலைகளுக்கிடையே நீளமாக உள்ளே நுழையும் கடல்) பெர்கன் நகரமும்தான் திட்டத்தில் முதலில் ஏறுகின்றன. உள்நாட்டு ஏரிகளை ரயில் சன்னலோரம் உட்கார்ந்து பார்த்தபடியே கடந்துவிடுகிறோம். ஒஸ்லோவிலிருந்து ட்ரொண்ட்ஹைம் செல்லும் ரயில் மியோசா ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டி நெடுநேரம் ஓடுகிறது. ஏரிக்கும் காட்டுக்கும் நடுவே வயல்கள், வயல்களின் நடுவே வெள்ளை வீடுகள், வீட்டுக்குப் பக்கத்தில் அந்த வீட்டைவிடப் பெரிய சிவப்புக் களஞ்சியங்கள். அந்தப் பண்ணைகளில் சில, விருந்தினருக்கு இரவு தங்க இடம் கொடுக்கின்றன.

ஒஸ்லோவில் உறவினரைப் பார்க்க வரும் தமிழ்க் குடும்பங்களுக்கும், நார்வேக்கு இரண்டாம் முறை போகிறவர்களுக்கும், வயதான பெற்றோரோடு மலைப்பாதைகளில் அலைய விரும்பாதவர்களுக்கும் இந்தக் கரை மிகவும் பொருந்தும். எங்கே தங்குவது என்பதில்தான் குழப்பம் வருகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையில் இரண்டு இரவாவது இருந்தால், உரிமையாளர் குடும்பம் இன்னும் அங்கேயே வாழ்ந்து, இன்னும் பயிர் செய்துகொண்டிருக்கும் பண்ணையைத் தேர்ந்தெடுங்கள். ஒரே இரவு என்றால் பண்ணை வேண்டாம், ஹோட்டலே நல்லது.

இந்தக் கரையின் பண்ணைகள்

மியோசா நார்வேயின் மிகப் பெரிய ஏரி. பரப்பு சுமார் 365 சதுர கிலோமீட்டர், நீளம் 117 கிலோமீட்டர், ஆழமான இடத்தில் 450 மீட்டர் வரை இறங்குகிறது. நார்வேயின் மொத்த நிலத்தில் பயிரிடப்படுவது நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குத்தான். அந்தச் சிறு பங்கிலும் மிகச் செழிப்பான பகுதிகளில் ஒன்று இந்த ஏரியைச் சுற்றி இருக்கிறது. ஹாமார், ஸ்டாங்கே, நெஸ், டோட்டன் வட்டாரங்களின் அடியில் சுண்ணாம்புப் பாறை இருப்பதால் மண் வளம் அதிகம். பார்லி, கோதுமை, உருளைக்கிழங்கு எல்லாம் நன்றாக விளைகின்றன. உருளைக்கிழங்கிலிருந்து அக்கவிட் என்ற மதுவும் வடிக்கிறார்கள். ஸ்டாங்கேயில் ஏரியோரமாக நிற்கும் அட்லுங்ஸ்டாட் வடிசாலை 1855இல் தொடங்கியது.

அதனால் இங்குள்ள பண்ணைகள் மேற்குக் கரையின் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பண்ணைகளைப் போல் இருப்பதில்லை. சாலையிலிருந்து வீடு வரைக்கும் இருபுறமும் மரவரிசை, நடு முற்றம், முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டடம் என்று பெரிய அமைப்பாக இருக்கும். ஏரியின் நடுவே இருக்கும் ஹெல்கோயா, நார்வேயின் நன்னீர்த் தீவுகளில் பெரியது. பாலம் வழியாகக் காரிலேயே போகலாம். அதன் தென்பகுதியில் உள்ள ஹோவின்ஸ்ஹோல்ம் பண்ணை ஒரு காலத்தில் அரசர்களுக்குச் சொந்தமாக இருந்தது.

இந்தச் செல்வத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைத்துவிட்டுப் பண்ணையின் அழகை மட்டும் புகழ எனக்கு மனம் வரவில்லை. பெரிய பண்ணைகளின் ஓரத்தில் சிறு குடிசையும் கொஞ்சம் நிலமும் பெற்று, அதற்கு ஈடாகப் பண்ணை வேலை செய்து வாழ்ந்த குடியானவர்கள் இப்பகுதியில் மிகுதி. அவர்களுக்கு அந்த நிலம் சொந்தமில்லை. நார்வேக் குழந்தைகள் கொண்டாடும் எழுத்தாளர் ஆல்ஃப் ப்ரோய்சன் 1914இல் ரிங்சாக்கர் வட்டாரத்தில் அப்படி ஒரு குடிசையில்தான் பிறந்தார். அந்த வீடு இன்று பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. பெரிய பண்ணையில் தங்குகிறவர்கள் ஒரு மதிய வேளையை அதற்கும் ஒதுக்கினால் இந்த மண்ணின் கதை முழுதாகப் புரியும்.

குடும்பம் ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறது

ஐரோப்பாவில் பழைய வீடுகளை ஹோட்டலாக மாற்றியிருப்பதைப் பல நாடுகளில் பார்க்கலாம். பெரும்பாலும் பழைய உரிமையாளர் போய், ஒரு நிறுவனம் வந்திருக்கும். நார்வேயில் குடும்பமே தொடர்ந்து இருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். ஓடெல் எனப்படும் நிலவுரிமை மிகப் பழையது, அரசியல் சட்டமே அதற்குப் பாதுகாப்புத் தருகிறது. பண்ணை வெளியாருக்கு விற்கப்பட்டாலும், உரிமையுள்ள வாரிசு குறிப்பிட்ட காலத்துக்குள் அதை விலை கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வாரிசுகளில் மூத்தவருக்கே முதல் உரிமை. முன்பு மகன்களுக்கு முன்னுரிமை இருந்தது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் மகளையும் மகனையும் சமமாக்கியது.

உரிமையோடு கடமையும் வருகிறது. வீடு உள்ள பண்ணையில் பயிர் நிலம் 35 டெக்கார், அதாவது மூன்றரை ஹெக்டேருக்கு மேல் இருந்தால், அதைப் பெறுபவர் ஓராண்டுக்குள் அங்கே குடியேறி ஐந்தாண்டு வாழ வேண்டும் என்பது பொது விதி. நகரத்தில் இருந்துகொண்டு பண்ணையைப் பூட்டி வைப்பது எளிதல்ல.

இப்போது அந்தக் குடும்பத்தின் இடத்திலிருந்து பாருங்கள். முன்பு பலர் செய்த வேலையை இன்று இரண்டு இயந்திரங்கள் செய்கின்றன. வேலையாட்கள் தங்கிய கட்டடம் காலி. களஞ்சியத்தில் பாதி காலி. ஆனால் கூரைகள் எல்லாவற்றுக்கும் ஓடு மாற்ற வேண்டும், சுவர்களுக்கு வண்ணம் பூச வேண்டும். தானியத்தில் வரும் வருமானம் மட்டும் அதற்குப் போதாது. விருந்தினரைத் தங்கவைப்பது இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. நாம் கொடுக்கும் அறை வாடகை அந்தக் கூரைக்குப் போகிறது என்பதே, விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் நான் பண்ணையின் பக்கம் சாய்வதற்கு முக்கியமான காரணம்.

இன்னொன்றும் உண்டு. 1970களில் மியோசா ஏரி கழிவுநீராலும் பண்ணை உரத்தாலும் பாசி மண்டிக் கெட்டுப்போனது. குடிநீரிலேயே நாற்றம் வந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் அரசு பெரும் தூய்மைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நகரங்கள் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டின. பண்ணைகள் சாணக் குழிகளையும் தீவனக் குழிகளையும் கசியாதபடி மாற்றின. இன்று பண்ணை விருந்தினரின் பிள்ளைகள் அதே நீரில் இறங்கிக் குளிக்கிறார்கள். அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்த தலைமுறை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. காலை உணவு மேசையில் அவர்களிடமே கேட்கலாம்.

பண்ணையில் எந்தக் கட்டில்

பண்ணை என்று முடிவு செய்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. ஒரே முற்றத்தில் நான்கு விதமான படுக்கைகள் இருக்கலாம், நான்கும் நான்கு அனுபவம்.

முதன்மை வீட்டில் அறை கிடைத்தால் பழைய மேசை நாற்காலிகள், சுவரில் குடும்பப் படங்கள், அகலமான பலகைத் தரை எல்லாம் கிடைக்கும். குளியலறை நடைக்கு எதிர்ப்பக்கம் இருக்கலாம், இன்னொரு அறையோடு பகிர வேண்டியும் வரலாம். இதைக் குறையாகச் சொல்லாதீர்கள். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடமாக இருந்தால் சுவரை இடித்துக் குழாய் கொண்டுபோக அனுமதி எளிதில் கிடைக்காது. மின்தூக்கியை எதிர்பார்க்கவே வேண்டாம். மாடிப்படிகள் செங்குத்தாக இருக்கும்.

ஸ்டாபூர் எனப்படும் தானியக் கிடங்கு, எலி ஏறாதபடி குட்டைத் தூண்களின்மேல் நிற்கும் மரக்கட்டடம். புகைப்படத்தில் பார்த்ததும் எல்லோரும் கேட்பது இதைத்தான். உண்மையில் இது கோடைக்கான படுக்கை. பல இடங்களில் உள்ளே தண்ணீர் கிடையாது, கழிப்பறைக்கு முற்றத்தைக் கடந்து போக வேண்டும், வாசல் தாழ்வு. இளைஞர்களுக்கு மிக நன்று. முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு வேண்டாம்.

பண்ணையை மகனிடமோ மகளிடமோ ஒப்படைத்த பெற்றோர் குடிபோகும் சிறு வீடு ஒன்று அநேகமாக எல்லாப் பண்ணையிலும் உண்டு. இப்போது காலியாக இருந்தால் அதைத்தான் விருந்தினருக்கு விடுவார்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுவே. சமையலறை இருக்கும், குளியலறை தனியாக இருக்கும், தரைத்தளத்திலேயே ஒரு படுக்கையறையும் இருக்க வாய்ப்பு அதிகம். பருப்பும் சோறும் நாமே வைத்துக்கொள்ளலாம். அதே சமயம் நூறடி தூரத்தில் வீட்டார் இருப்பார்கள்.

நான்காவது, மாற்றியமைக்கப்பட்ட களஞ்சியம். வசதியானது, புதிதாகக் கட்டிய அறைகள். ஆனால் இங்கேதான் திருமணங்களும் நிறுவனக் கூட்டங்களும் நடக்கும். நெஸ் தீபகற்பத்தின் ஹோயல் போன்ற பெரிய பண்ணைகள் இதற்குப் பெயர்பெற்றவை. கோடையின் சனிக்கிழமைகளில் அத்தகைய இடங்களில் அமைதியை எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஞாயிறு முதல் வியாழன் வரை போனால் அதே இடம் வேறு முகம் காட்டும்.

பெற்றோர் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது: மாடு. பிள்ளைகளுக்குக் கன்றுக்குட்டி காட்டலாம் என்று வருகிறார்கள், பண்ணையில் ஒரு மாடுகூட இல்லை. 1950களிலிருந்து நார்வேயின் வேளாண் கொள்கை, சமவெளி அதிகமுள்ள கிழக்குப் பகுதியில் தானியத்தையும், மலைப்பாங்கான மற்றப் பகுதிகளில் புல்லையும் பாலையும் ஊக்குவித்தது. மியோசாக் கரையின் நல்ல நிலம் பெரும்பாலும் தானியத்துக்குப் போய்விட்டது. கோழியும் பூனையும் நாயும் இருக்கலாம், சில இடங்களில் குதிரையோ ஆடோ இருக்கலாம். கால்நடைதான் முக்கியம் என்றால் முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள், அல்லது மேற்கே வால்ட்ரெஸ் பக்கம் மலை மேய்ச்சல் பண்ணைகளைத் தேடுங்கள்.

ஹோட்டல்

இதே ஏரிக்கரையில், ப்ருமுந்தால் ஊரில், 2019இல் கட்டி முடித்த மியோசா கோபுரம் நிற்கிறது. 18 தளம், 85 மீட்டருக்குச் சற்று அதிக உயரம், தாங்கும் சட்டகம் மரம். கட்டியபோது உலகின் மிக உயரமான மரக்கட்டடம் அதுதான். அதற்குள் ஹோட்டல் இருக்கிறது. மேல்தளத்திலிருந்து ஏரியைப் பார்ப்பது எந்தப் பண்ணையிலும் கிடைக்காத காட்சி. மின்தூக்கி, தனிக் குளியலறை, இரவு எந்நேரமும் அறைச்சாவி. ஒரே இரவு தங்கி மறுநாள் வடக்கே போகிறவருக்கு இதைத்தான் சொல்வேன்.

பழமையும் வேண்டும், ஹோட்டல் வசதியும் வேண்டும் என்பவர்களுக்கு வேறு ஏரிகள் உண்டு. டீரிஃபியூர் என்பது பெயரில் ஃபியோர்டு போல ஒலித்தாலும் நன்னீர் ஏரி. அதன் கரையில் உள்ள சுண்ட்வோல்டன் 1648 முதல் வழிப்போக்கருக்கு இடம் கொடுத்துவருகிறது, ஒஸ்லோவுக்கும் பக்கம். டெலிமார்க்கில் பண்டாக் ஏரியின் முனையில் 1894இல் கட்டிய தாலன் ஹோட்டல், மரக்கூரை முகடுகளில் டிராகன் தலைகளோடு நிற்கும் அரண்மனை. ஷீயன் நகரிலிருந்து 105 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியாகப் படகிலேயே அதன் பக்கம் வரைக்கும் போய்ச் சேரலாம். முழுப் பகலும் பிடிக்கும் பயணம் அது. திருமண நாள் போன்ற ஒன்றைக் கொண்டாட தாலனுக்கு நிகராக இன்னோர் இடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் அங்கே நீங்கள் மதிக்கப்படும் வாடிக்கையாளர். பண்ணையில் ஒருவர் வீட்டு விருந்தாளி. எது வேண்டும் என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது. முன்பின் தெரியாதவர்களோடு காலை உணவு மேசையில் உட்காரக் கூச்சப்படுகிறவர் பண்ணையில் முழு மகிழ்ச்சி அடையமாட்டார்.

விடுமுறைக் குடில்

நார்வேயில் விடுமுறைக் குடில்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். ஹிட்டே என்பார்கள். ஆறேழு பேர் சேர்ந்து போகும்போது ஆளுக்கு ஆகும் செலவில் இதை மிஞ்சுவது கடினம். சமையல் முழுக்க நம் கையில். ஒரு வாரம் ஒரே இடத்தில் இருக்கப்போகிறீர்கள் என்றால் குடிலே சரி.

இரண்டு இரவுக்குத்தான் அது பொருந்துவதில்லை. படுக்கை விரிப்பும் துண்டும் பெரும்பாலும் நாமே கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் தனியாக வாடகை. கிளம்பும் நாளில் வீட்டைத் துடைத்துவிட்டுப் போக வேண்டும், அல்லது அதற்கும் கட்டணம். பெரும்பாலான மளிகைக் கடைகள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே அரிசி முதல் பால் வரை வாங்கி வைக்காவிட்டால் திண்டாட்டம். கார் இல்லாமல் குடில் பக்கம் போகவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்வி கேட்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். சாவி ஒரு பெட்டியில் இருக்கும், எண்ணைப் போட்டுத் திறக்க வேண்டியதுதான்.

மலை ஏரியும் யாத்திரைப் பாதையும்

நடக்கத் தயாராக இருப்பவர்களுக்கு யோட்டுன்ஹைமன் மலைகளில் யெண்டே ஏரி இருக்கிறது. பனியாறு அரைத்த மாவு கலந்த பச்சைநீல நீர். ஏரியின் நடுக்கரையில் உள்ள மெமுருபு தனியார் விடுதிக்குச் சாலையே கிடையாது. கோடைக்காலப் படகில் போகலாம், அல்லது நடந்து போகலாம். பெஸ்ஸெக்கன் முகடு வழியாகத் திரும்பி நடக்க ஏழெட்டு மணி நேரம் ஆகும். சிறு பிள்ளைகளோடும் முதியவர்களோடும் வருபவர்கள் இதை ஒப்பீட்டிலிருந்தே நீக்கிவிடலாம்.

மியோசாவின் இரு கரைகளிலும் ஒஸ்லோ–ட்ரொண்ட்ஹைம் யாத்திரைப் பாதை போகிறது. மொத்தம் ஏறக்குறைய 640 கிலோமீட்டர். பாதையோரப் பண்ணைகள் சில நடந்து வருபவருக்கு எளிய, மலிவான படுக்கை தருகின்றன. ஏரியைத் தாண்டி வடக்கே குட்பிராண்ட்ஸ்தால் பள்ளத்தாக்கில் உள்ள சீகார்ட் க்ரிட்டிங் பண்ணையில் இடைக்காலத்து மரமாடம் ஒன்றிலேயே யாத்திரிகர் உறங்கலாம். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் பண்ணை அது. ஏரிக்கரை இல்லை என்பதைத் தவிர, பழமையில் மியோசாப் பண்ணைகளுக்குச் சற்றும் குறைந்ததல்ல. ஏரியா, பழமையா என்று கட்டாயம் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் க்ரிட்டிங்குக்குப் போவேன்.

போவதும் உண்பதும்

மியோசாவுக்கு ஆதரவாகப் பேசும் பெரிய காரணம் தூரம். ஹாமார் ஒஸ்லோவிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் அளவில்தான், வழியிலேயே விமான நிலையமும் இருக்கிறது. மேற்குக் கரைக்குப் போகப் பாதி நாள் செலவாகும். நார்வேக்கு வாழ்க்கையில் ஒரே முறை, அதுவும் ஐந்து நாள் மட்டும் வருகிறவர் ஃபியோர்டையே பார்க்கட்டும், அவரிடம் மியோசாவுக்கு வாதாடமாட்டேன்.

ஹாமாரில் இறங்கியதும் ஏரிமுனையில் உள்ள பழைய தேவாலயச் சிதைவைப் பாருங்கள். 1567இல் சுவீடன் படை அழித்தது. எஞ்சிய சுவர்களை மழையிலிருந்து காக்க 1998இல் கண்ணாடிக் கூடம் எழுப்பினார்கள். பக்கத்திலேயே பழைய பண்ணைக் களஞ்சியம் ஒன்றைக் கட்டடக் கலைஞர் ஸ்வேர்ரே ஃபேன் அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார். பண்ணைக் கட்டடம் ஒன்றை அதன் காயங்களோடு அப்படியே வைத்துக்கொண்டு எப்படிப் புதுப்பிப்பது என்பதற்கு அதைவிடச் சிறந்த பாடம் இல்லை. ஏரியில் ஸ்கிப்லாட்னர் என்ற துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல் 1856 முதல் ஓடுகிறது. கோடையில் மட்டும்தான், எல்லா நாளும் எல்லாத் துறைக்கும் வருவதில்லை. பண்ணைத் தேதியை முடிவு செய்யும் முன் கப்பல் அட்டவணையைப் பாருங்கள்.

நிலையத்திலிருந்து பண்ணை சில கிலோமீட்டர் தள்ளியே இருக்கும், பஸ் அடிக்கடி கிடையாது. கார் இல்லாதவர்கள் அழைத்துப்போக ஆள் வருமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

காலை உணவு பண்ணையின் பெருமை: வீட்டு ரொட்டி, முட்டை, பழக்கூழ், பழுப்புநிறப் பாற்கட்டி, உப்பிட்ட இறைச்சி. இரவு உணவு முன்கூட்டிச் சொன்னால்தான். சைவர்கள் “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் எழுதினால் மீன் வந்துவிடும். மீனும் வேண்டாம், முட்டை ஆகுமா ஆகாதா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். அவர்கள் உணவகம் நடத்தவில்லை, அன்று சமைப்பதில் நமக்கும் ஒரு பங்கு வைக்கிறார்கள்.

நடமாடும் உரிமையைப் பற்றி ஒரு வார்த்தை. நார்வேயில் காட்டிலும் மலையிலும் யாரும் உலவலாம் என்பது 1957ஆம் ஆண்டுச் சட்டம். நிலம் உறைந்தோ பனி மூடியோ இருக்கும் குளிர்காலம் தவிர, பயிர் நிலத்துக்கு அது பொருந்தாது. ஏரிக்குக் குறுக்குவழி என்று பார்லி வயலில் இறங்கிவிடாதீர்கள். எந்த வரப்பில் போகலாம் என்று வீட்டாரே காட்டுவார்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை ஜூன் கடைசியில் இரவு பத்தரைக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும், ஏரியில் குளிக்க ஜூலை, ஆகஸ்ட். எனக்குப் பிடித்தது ஆகஸ்ட் பிற்பாதி. நீர் இன்னும் குளிரவில்லை, வயலில் அறுவடை இயந்திரம் ஓடுகிறது, நார்வேப் பள்ளிகள் திறந்துவிடுவதால் அறையும் கிடைக்கிறது. ஜூலையில் இடம் இல்லை என்று பதில் வந்தால் வேறு பண்ணை தேடுவதைவிடத் தேதியை மாற்றிப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் போகிறவர்கள் எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள் என்பதை முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அங்கே வரவேற்பு மேசை கிடையாது, கதவைத் திறக்க ஒருவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வயலிலிருந்து வர வேண்டியிருக்கும்.